பூச்சிமருந்துக்குத் தடை கேட்டு மனு எழுதுவது எப்படி

ஒரு மருந்தை அடித்தாலே ஆட்களுக்குத் தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது, வாய்க்காலில் மீன் செத்து மிதக்கிறது, ஊரே இதைத் தடை செய்ய வேண்டும் என்று பேசுகிறது. ஆனால் மனு எழுத உட்கார்ந்தால் யாருக்கு எழுதுவது, எந்தச் சட்டத்தைக் காட்டுவது என்று யாருக்கும் தெரிவதில்லை. அதனால் "விஷ மருந்துகளைத் தடை செய்க" என்று பொதுவாக ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். அது ஏதோ ஒரு கோப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். இந்தியச் சட்டத்தின்படி எப்படிக் கேட்டால் அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை டப்பாவைப் படிப்பது. கடையில் கேட்டு வாங்கும் பெயர் கம்பெனி வைத்த பெயர், தடை வருவதோ உள்ளே இருக்கும் ரசாயனத்தின் பெயருக்கு. ஒரே ரசாயனம் பல கம்பெனிப் பெயர்களில் கிடைக்கும், ஆகவே கம்பெனிப் பெயரை மட்டும் எழுதினால் மனு அங்கேயே நொண்டும். லேபிளில் ரசாயனப் பெயர், எத்தனை சதவீதம், பேட்ச் எண், பதிவு எண், எந்தெந்தப் பயிருக்கு அனுமதி, முக்கோணத்தின் நிறம் எல்லாம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கடும் நஞ்சு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை. எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் பில் கேட்டு வாங்குங்கள், தர மறுத்தால் அதுவே தனிப் புகார்.

அப்புறம் அந்த ரசாயனத்தின் நிலை என்ன என்று பாருங்கள். பரிதாபாத்தில் இருக்கும் மத்தியப் பயிர்ப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் இணையதளத்தில் தடை செய்யப்பட்டவை, கட்டுப்பாட்டுடன் அனுமதிக்கப்பட்டவை, பதிவு பெற்றவை என்று தனித்தனிப் பட்டியல்கள் உண்டு. உங்கள் ஊரில் விற்கும் மருந்து ஏற்கெனவே தடை செய்யப்பட்டதாக இருந்தால் நீங்கள் தடை கேட்க வேண்டியதே இல்லை, வேளாண் துறையின் பூச்சிக்கொல்லி ஆய்வாளரிடம் பறிமுதல் கேட்க வேண்டும். அனுமதி இல்லாத பயிருக்கு விற்கிறார்கள் என்றால் அதுவும் வேறு புகார். மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005இலேயே ஆணை வந்துவிட்டது. மற்ற பயிர்களுக்கு அனுமதி இருந்ததால் அதே டப்பா கடையில் இருந்துகொண்டே இருந்தது, கத்தரிக்காய்க்கு அடிப்பவரை யார் தடுக்க முடியும்? 2013இல் பீகாரில் பள்ளி மதிய உணவில் இந்த நஞ்சு கலந்து 23 குழந்தைகள் இறந்தார்கள். அதன் 36 சதவீதக் கரைசலுக்குத் தடை ஆணை வந்தது 2023இல். பயிர்வாரியான அரைத் தடை வேண்டாம், முழுத் தடை வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இனி ஆதாரம். இதில்தான் நேரம் போகும், போகட்டும். கேரளத்தின் காசர்கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அரசுக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களில் இருபது வருடத்துக்கும் மேலாக ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். பத்ரே கிராமத்தில் வைத்தியம் பார்த்த டாக்டர் மோகன குமார் ஒரே மாதிரி நோய்கள் ஒரே பகுதியில் குவிவதைக் கவனித்து எழுத ஆரம்பித்தார். வேளாண் துறையில் வேலை பார்த்த லீலாகுமாரி அம்மா 1998இல் நீதிமன்றம் போய் வான்வழித் தெளிப்புக்குத் தடை வாங்கினார். பிறகு அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் வந்து, பத்ரே பள்ளிப் பிள்ளைகளையும் மருந்து படாத இன்னொரு ஊர்ப் பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது. மருந்து பட்ட ஊரில் ரத்தத்தில் எண்டோசல்ஃபான் அதிகம், பையன்கள் பருவமடைவதும் தாமதம். அந்த ஒப்பீடு இருந்ததால்தான் "எல்லா ஊரிலும் வருகிற நோய்தானே" என்ற பேச்சு எடுபடவில்லை. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தடை விதித்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு எளிதில் அழியாத நச்சு ரசாயனங்களை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகளும் அதை ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்திருந்தன.

நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். எந்தத் தேதியில் எந்த வயலில் என்ன மருந்து, அடித்தவர் யார், கையுறை முகக்கவசம் இருந்ததா, எத்தனை மணி நேரத்தில் என்ன தொந்தரவு, எந்த ஆஸ்பத்திரி. டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்தின் பெயரை எழுதச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள், வெறுமனே "மயக்கம்" என்று எழுதிவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. டப்பாவையோ அதன் போட்டோவையோ ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோவது சிகிச்சைக்கும் உதவும். மருந்து அடிக்காத பக்கத்து ஊரிலும் இதே கேள்விகளைக் கேட்டு எழுதி வையுங்கள். கிணற்றுத் தண்ணீரைக் குளிர்பானப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள். எந்தப் பாட்டில், எப்படிக் குளிர்வித்துக் கொண்டுவருவது என்று முதலில் ஆய்வகத்தில் கேளுங்கள், முடிந்தால் அதிகாரி முன்னிலையில் சீல் வைத்து எடுங்கள்.

இதோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். மாவட்ட மருத்துவமனையில் மூன்று வருடத்தில் பூச்சிமருந்து நச்சால் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், வேளாண் துறை எடுத்த மாதிரிகள் எத்தனை, பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968இன் 26ஆம் பிரிவின்படி நச்சுச் சம்பவங்களைக் கட்டாயம் தெரிவிக்கச் சொல்லி அறிவிக்கை வந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

மனுவின் உயிர் அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு. மனிதருக்கோ விலங்குக்கோ ஆபத்து என்று கருதினால் மாநில அரசு 60 நாள் வரை விற்பனையையும் பயன்பாட்டையும் நிறுத்தலாம், விசாரணை முடியவில்லை என்றால் மேலும் 30 நாள் நீட்டிக்கலாம். தமிழ்நாடு அரசே ஆறு மருந்துகளை இப்படி 60 நாள் தடை செய்ததுண்டு, அதில் மோனோகுரோட்டோபாஸும் குளோர்பைரிபாஸும் இருந்தன. நிரந்தரமாகப் பதிவை ரத்து செய்யும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. அதனால் மாநில வேளாண் துறைச் செயலாளருக்கு "27ஆம் பிரிவில் உடனே தற்காலிகத் தடை, விசாரணை, பிறகு பதிவை ரத்து செய்ய மத்திய அரசுக்குப் பரிந்துரை" என்று மூன்றையும் கேளுங்கள். நகலை மத்திய வேளாண் அமைச்சகத்துக்கும் ஆட்சியருக்கும் அனுப்புங்கள். திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொடுத்தால் ரசீது வாங்காமல் வராதீர்கள். கிராம சபைத் தீர்மானம் இணைத்தால் மனுவுக்கு எடை கூடும்.

"எல்லா ரசாயனத்தையும் தடை செய்" என்று மட்டும் கேட்காதீர்கள். இலங்கை 2021இல் ரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் ஒரேயடியாக நிறுத்தி, விவசாயிகள் தெருவுக்கு வந்து, அந்த வருடமே பின்வாங்கியது. ஆனால் அதே இலங்கை 1995இல் மிகக் கடும் நஞ்சு மருந்துகளையும் 1998இல் எண்டோசல்ஃபானையும் பெயர் சொல்லித் தடை செய்தபோது விளைச்சல் குறையவில்லை, தற்கொலைச் சாவுகள் பெருமளவு குறைந்தன. ஆகவே பெயர் சொல்லிக் கேளுங்கள், அந்த மருந்து இல்லாமல் பூச்சிக்கு மாற்றாக என்ன செய்வது என்பதையும் மனுவிலேயே எழுதுங்கள். வேப்பங்கொட்டைக் கரைசல், வாசனையால் ஆண் பூச்சிகளை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி, பூச்சியின் முட்டையை அழிக்கும் குட்டிக் குளவிகளைத் தாங்கிய ஒட்டுண்ணிக் காகித அட்டை, உங்கள் பகுதியில் எது பலன் தந்ததோ அது. மருந்து அடிப்பவர் நம் எதிரி இல்லை, முதலில் நஞ்சு படுவது அவர் உடம்பில்தான்.

தடை ஆணை வந்தால் தேதிகளை உற்றுப் பாருங்கள். தயாரிப்பை நிறுத்த ஒரு தேதி, விற்பனையை நிறுத்த வேறு தேதி என்று இருக்கும், கையிருப்பைத் தீர்க்கக் கொடுக்கும் அவகாசத்தில் மலிவு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். கம்பெனியே மீதியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மனுவில் முன்பே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வீட்டில் மிச்சம் இருப்பதை வாய்க்காலில் ஊற்றவோ குழியில் புதைக்கவோ வேண்டாம். மூடியை இறுக்கி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்துவிட்டு, வேளாண் விரிவாக்க மையத்தில் எழுத்தில் தெரிவித்து, எப்போது எடுத்துக்கொள்வார்கள் என்று பதில் கேளுங்கள்.