தலைப்பொங்கலுக்கு ஊருக்குப் போகும் புதுத் தம்பதி, வாடிவாசலையும் பார்த்துவிட்டு வருவது எப்படி

தலைதீபாவளி என்றால் யோசிக்கவே வேண்டாம், பெண் வீடுதான். தலைப்பொங்கலில்தான் குழப்பம். பல குடும்பங்களில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் பானை ஏறும்; பெண் வீட்டார் சீரோடு அங்கே வந்து சேருவார்கள். வேறு சில குடும்பங்களில் மகளையும் மருமகனையும் அழைத்துப் போய்ப் பிறந்த வீட்டிலேயே பொங்க வைப்பார்கள். டிக்கெட் போடுவதற்கு முன்னால் இரண்டு வீட்டு அம்மாக்களிடமும் தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள். அப்பாக்கள் "உங்க இஷ்டம்ப்பா" என்று சொல்லிவிடுவார்கள். அதை நம்பி ஏற்பாடு செய்தால் பொங்கலன்று காலையில் யாராவது ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்.

மதுரைப் பக்கம் சொந்தம் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. குடும்பத்துக்கு ஒதுக்க வேண்டிய அதே மூன்று நாளில்தான் மூன்று பெரிய ஜல்லிக்கட்டும். தை 1 அவனியாபுரம், தை 2 பாலமேடு, தை 3 அலங்காநல்லூர். மூன்றையும் பார்க்க நினைத்தால் இரண்டு வீட்டிலும் கெட்ட பெயர்தான் மிஞ்சும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஒன்று பாலமேடாக இருக்கட்டும்.

காரணம் எளிது. தை 1 காலையில் உங்கள் பானைதான் அந்த வீட்டின் மையம். மருமகளும் மாப்பிள்ளையும் இல்லாமல் அது பொங்காது. ஆகவே அவனியாபுரம் ஊருக்குள்ளேயே இருந்தாலும் டிவியில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். தை 3 காணும் பொங்கல். பெரியவர்கள் வீடு வீடாகப் போய்க் காலில் விழ வேண்டிய நாள். பெயரும் கூட்டமும் அலங்காநல்லூருக்குத்தான் அதிகம், ஆனால் அங்கே போனால் அந்த நாள் முழுதும் போச்சு. மாட்டுப் பொங்கலன்று, மாடு வைத்திருக்கும் வீட்டில்கூட பூஜை பெரும்பாலும் சாயங்காலம்தான். விடியுமுன் கிளம்பி மதியத்துக்குள் திரும்பிவிட்டால் யாரும் தேட மாட்டார்கள். அலங்காநல்லூரிலேயே அத்தை வீடோ மாமா வீடோ இருந்தால் மட்டும் கணக்கு மாறும். சொந்தக்காரரைப் பார்த்த மாதிரியும் ஆச்சு, காளையைப் பார்த்த மாதிரியும் ஆச்சு.

முதலில் ரயில்

தை 1 ஒரு வருடம் ஜனவரி 14, ஒரு வருடம் 15. 2025ல் 14, 2026ல் 15. பழக்க தோஷத்தில் 14 என்று வைத்துக்கொண்டு முன்பதிவு செய்பவர்கள் திரும்பும் டிக்கெட்டில் ஒரு நாள் தவறுகிறார்கள். காலண்டரைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கும். ஜனவரி 12 இரவு கிளம்ப வேண்டுமானால் நவம்பர் 13. ஜனவரி 18 திரும்ப வேண்டுமானால் நவம்பர் 19. சென்னை எழும்பூரிலிருந்து மதுரைக்குப் போகும் பாண்டியன் போன்ற இரவு ரயில்களில் பொங்கல் வார இடங்கள் சில நிமிடங்களில் காலி. ஆதார் இணைத்த ஐஆர்சிடிசி கணக்கு, அதில் இருவர் பெயரும் முன்கூட்டியே சேர்த்த பயணிகள் பட்டியல், பணம் கட்ட யுபிஐ: மூன்றும் முந்தின நாளே தயாராக இருக்க வேண்டும். எட்டு மணிக்கு உட்கார்ந்து வயதைத் தட்டச்சு செய்து கொண்டிருந்தால் காத்திருப்புப் பட்டியல்தான்.

புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் செய்யும் ஒரு தவறு உண்டு. மனைவி பெயருக்குப் பின்னால் ஆசையாகக் கணவர் பெயரைப் போட்டு டிக்கெட் எடுத்துவிடுவார்கள். ஆதாரில் இன்னும் அப்பா பெயர்தான் இருக்கும். டிக்கெட் பெயர் கையில் இருக்கும் அடையாள அட்டையோடு ஒத்துப்போக வேண்டும். பெயர் மாற்றுவதாக இருந்தால் முதலில் ஆதார், பிறகு மற்றவை.

சார்ட் போட்ட பிறகும் காத்திருப்பிலேயே நிற்கும் ஆன்லைன் டிக்கெட் தானாக ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏற முடியாது. ஆகவே காத்திருப்பில் விழுந்தால் அன்றே பேருந்துக்கும் ஒரு இடம் போட்டு வையுங்கள். தெற்கே போகும் அரசு விரைவுப் பேருந்துகள் கிளாம்பாக்கத்திலிருந்து புறப்படுகின்றன. போகிக்கு முந்தின நாள் மாலை வண்டலூர் சாலை நகராது, அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

சீரும் பானையும்

சீர் சாமான்களைச் சென்னையிலிருந்து தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கரும்பு, மஞ்சள் கொத்து, வாழைத்தார், கிழங்கு வகை எல்லாம் ஊரில்தான் நல்லதாகக் கிடைக்கும். தோகையோடு இருக்கும் முழுக் கரும்புதான் சீர். வண்டிக்குள் வைக்க வெட்டினால் பெரியவர்களுக்குப் பிடிக்காது. துணிமணி மட்டும் இங்கிருந்து. மாமனார், மாமியார், நாத்தனார், மச்சினன் என்று பட்டியல் போட்டுவிட்டு, அப்பத்தாவோ அம்மாச்சியோ விட்டுப்போயிருக்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள். விட்டுப்போகிறவர் எப்போதும் அவராகத்தான் இருப்பார்.

புது வெண்கலப் பானையைப் புளி போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, பொங்கலுக்கு முந்தின நாள் ஒருமுறை அரிசி களைந்த தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொட்டிவிடுங்கள். வெண்கலம் கீழே விழுந்தால் விரியும். சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றினாலும் விரியும். வெறும் பானையை அடுப்பில் ஏற்றாதீர்கள்.

பானை பொங்கி வழியவில்லை என்றால் சகுனம் என்று யாராவது பேச ஆரம்பிப்பார்கள். உண்மையில் காரணம் மூன்றுதான்: தண்ணீர் குறைவு, தீ குறைவு, அல்லது வாய் அகன்ற பாத்திரம். கழுத்துக்கு இரண்டு விரல் கீழே வரை தண்ணீர் இருக்கட்டும். அரிசியை இரண்டாவது முறை களைந்த தண்ணீரையும் ஒரு டம்ளர் பாலையும் சேர்த்தால் நுரை கட்டிச் சீக்கிரம் பொங்கும். பொங்கி வழிந்ததும் குலவை போட்டு, கூடுதல் தண்ணீரை அகப்பையால் மொண்டு தனியாக வைத்துவிட்டு அரிசியைப் போடுங்கள். அரை கிலோ பச்சரிசிக்கு நூறு கிராம் பாசிப்பருப்பு, முக்கால் கிலோ வெல்லம் சரியாக இருக்கும். அரிசி விரலில் நசுங்குகிற பதம் வந்த பிறகே வெல்லம். முன்னாலேயே போட்டால் அதற்குமேல் அரிசி வேகாது, எவ்வளவு விறகு வைத்தாலும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். அடியில் மண் நிற்பதைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

பாலமேடு போகிற நாள்

முந்தின இரவே வண்டி பேசிவிடுங்கள். மதுரையிலிருந்து பாலமேடு ஏறக்குறைய 25 கிலோமீட்டர். சாதாரண நாளில் முக்கால் மணி நேரம். அன்றைக்கு ஊருக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடக்க வேண்டியிருக்கும். போட்டி காலையில் ஏழு, எட்டு மணிக்குத் தொடங்கிவிடும். பொதுக் கேலரியில் இடம் வேண்டுமானால் ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும், அதாவது வீட்டிலிருந்து நாலரைக்குக் கிளம்ப வேண்டும்.

உடை விஷயத்தில் மணப்பெண்தான் கவனமாக இருக்க வேண்டும். பட்டுப்புடவை வேண்டாம், சுடிதார் போதும். கேலரி என்பது சவுக்குக் கம்பும் இரும்புக் குழாயும் பலகையும்தான், ஏணி மாதிரி ஏற வேண்டும். தாலிச் செயின் தவிர மற்ற நகைகளை அத்தையிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். தாலியையும் உடைக்குள்ளே போட்டு ஒரு ஊக்கு குத்திக்கொள்ளுங்கள். மூடிய ஷூ போட்டால் புது மெட்டி விரலை அறுத்துவிடும், பின்வார் உள்ள செருப்பே நல்லது. காலையில் குளிரும், பத்து மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும். தொப்பி வேண்டும். குடை விரித்தால் பின்னால் இருப்பவர் சண்டைக்கு வருவார். கேலரியில் ஏறிவிட்டால் இறங்கிப் போய்த் திரும்ப அதே இடத்துக்கு வர முடியாது, கழிவறையும் பக்கத்தில் இருக்காது. ஆகவே காலையில் காபியை அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாலமேட்டில் போட்டி நடப்பது மஞ்சமலை ஆற்றுத் திடலில். முதலில் வருவது கோவில் காளை; அதை யாரும் பிடிக்க மாட்டார்கள், கும்பிட்டு வழிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் ஆட்டம். காளைகள் வெளியே பாயும் வாடிவாசலுக்கு முன்னால் தரையில் தென்னை நார்க்கழிவு பரப்பியிருக்கும், விழுகிற ஆளுக்கும் காளைக்கும் அடிபடாமல் இருக்க. வீரர்கள் சுற்றுக்கு ஒரு நிறச் சட்டையில் இறங்குவார்கள். ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

என்ன பார்க்கிறோம் என்று தெரியாமல் உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் எல்லாக் காளையும் ஒன்றுபோலத் தெரியும். திமிலைப் பாருங்கள். ஒரே ஆள், திமிலை மட்டும் அணைத்து, 15 மீட்டர் எல்லை வரையோ, மூன்று துள்ளல் வரையோ, 30 விநாடி வரையோ தாக்குப்பிடிக்க வேண்டும். வாலைப் பிடித்தாலும் கொம்பைப் பிடித்தாலும் செல்லாது. இரண்டு பேர் தொங்கினால் பரிசு இல்லை, மைக்கில் திட்டுதான் விழும். வர்ணனையாளர் "மாடு பிடிமாடு" என்றால் வீரர் ஜெயித்தார், "மாடு வெற்றி" என்றால் காளைக்காரருக்குப் பரிசு. நேராக ஓடிவிடும் காளையைவிட, வாடியைத் தாண்டியதும் திரும்பி நின்று, தலையைத் தாழ்த்தி, மண்ணைக் கிளறி, ஆட்களைத் தடுப்பு மேல் ஏற வைக்கும் காளைக்குத்தான் கைத்தட்டல். "நின்னு விளையாடுற மாடு" என்பது அதைத்தான். அண்டா, சைக்கிள், தங்கக்காசு என்று காளைக்குக் காளை பரிசு ஏறிக்கொண்டே போவதையும் அப்போது கேட்கலாம்.

இரண்டு சுற்று போதும். பதினொரு மணிக்குள் இறங்கிவிடுங்கள். திரும்பும்போதுதான் ஆபத்து: வாடிவாசலைத் தாண்டி ஓடிய காளைகளை உரிமையாளர்கள் கயிறு போட்டுப் பிடிக்கும் இடம் ஒன்று திடலின் கடைசியில் இருக்கும். அங்கே கேலரி கிடையாது, காளையோ மிரண்டு போய் இருக்கும். காயம் படுகிறவர்களில் வீரர்கள் மட்டுமல்ல, இங்கே செல்ஃபி எடுக்க நிற்பவர்களும் உண்டு. கூட்டம் எந்தப் பக்கம் போனாலும் நீங்கள் காவலர்கள் காட்டும் வழியிலேயே வாருங்கள். அலங்காநல்லூருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: தெருவோர வீட்டு மாடியில் இடம் கிடைத்தால் நல்லது, தகரக் கூரையிலோ ஓட்டிலோ மட்டும் ஏறாதீர்கள்.

மச்சினன் "வாங்க மாப்ள, நாமளும் இறங்குவோம்" என்று உசுப்பேற்றினால் சிரித்துவிட்டு நகருங்கள். முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்து, டோக்கன் வாங்கி, மருத்துவப் பரிசோதனை முடித்தவர்தான் இறங்க முடியும். 2014ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்து, 2017ல் தமிழக அரசு சட்டம் திருத்தி, 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்ற பிறகு நடக்கும் விளையாட்டு இது. விதிமுறையில் யாரும் கண்ணை மூடிக்கொள்வதில்லை.

பொங்கல் வாரத்தில் விடுப்பே கிடைக்காதவர்களுக்கு அலங்காநல்லூர் பக்கத்திலேயே கீழக்கரையில் கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் இருக்கிறது, 2024 ஜனவரி 24ல் திறந்தது. நிரந்தரக் கேலரி என்பதால் மாமனார் மாமியாரையும் அழைத்துப் போகலாம். போட்டி நாளை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

காணும் பொங்கல்

ஐந்து, ஆறு வீட்டுக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் காபி வரும், முறுக்கு வரும், வேண்டாம் என்றால் கோபம் வரும். இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்துவிடலாம். வயதில் மூத்தவர் வீடு முதலில். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் புது பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களை ஊருக்குக் கிளம்பும் முன்பே வங்கியில் மாற்றி வையுங்கள்.

நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் சொந்தம் இருந்தால் சாயங்காலம் ஊர் விளையாட்டில் இளவட்டக்கல் இருக்கலாம். அதைத் தூக்கினால்தான் பெண் என்று ஒரு காலத்தில் சொன்னதால் கல்யாணக்கல் என்றும் பெயர். புது மாப்பிள்ளையைக் கட்டாயம் இழுப்பார்கள். உருண்டையாக, வழவழவென்று, பிடிக்க ஒரு மேடும் இல்லாத கல். குத்துக்காலிட்டு உட்கார்ந்து அடியில் கைகோத்து முதலில் முழங்கால், பிறகு நெஞ்சு, பிறகு தோள், கடைசியில் முதுகுக்குப் பின்னால் தள்ளுவது. பழக்கமில்லாதவர்கள் நின்றபடி குனிந்து இழுப்பார்கள், அங்கேதான் இடுப்பு பிடித்துக்கொள்ளும். முழங்கால் வரை கொண்டுவந்து கைத்தட்டு வாங்கிக்கொண்டு இறக்கிவிடுங்கள், கல்யாணம்தான் முடிந்துவிட்டதே.

திரும்பும் ரயில் தை 3 இரவு வேண்டாம், தை 4 இரவு. வெண்கலப் பானையை லக்கேஜ் அடியில் போடாமல் பழைய வேட்டியில் சுற்றிக் கையில் எடுத்து வாருங்கள். மீந்த வெல்லம் எறும்பு புகாத டப்பாவில் போகட்டும். கரும்பை மட்டும் ஊரிலேயே மென்றுவிட்டு வந்துவிடுங்கள், ரயில் பெட்டியில் சக்கையைப் போட இடம் இருக்காது.