வானம் வரையும்போது கை செய்யும் தவறுகள்

மாலை ஐந்தரை மணி. மொட்டை மாடியில் அஞ்சலட்டை அளவுக்கு ஒரு பேப்பர், மூன்று வண்ணங்கள், ஒரு டம்ளர் தண்ணீர். மனசு லேசாக இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. வானத்துக்கு மூக்கும் கண்ணும் கிடையாது. ஒரு மேகம் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டால் ஜாடை வரவில்லை என்று யாரும் சொல்லப்போவதில்லை. அப்படியிருந்தும் வாட்டர் கலரில் வானம் வரைய உட்காரும் பலர் அரைமணி நேரத்தில் எரிச்சலோடு எழுந்துவிடுகிறார்கள். தங்களுக்குக் கைத்திறமை இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் பார்த்தவரை காரணம் அது இல்லை. நிற்க வேண்டிய நேரத்தில் கை நிற்பதில்லை, அவ்வளவுதான்.

முதலில் அதையே பேசிவிடலாம். பேப்பரை நனைத்து நீலத்தை விட்டதும் மேலே ஒரு பளபளப்பு இருக்கும். அப்போது எதை வைத்தாலும் மெதுவாகப் பரவி, ஓரம் தெரியாமல் கலந்துவிடும். சில நிமிடங்களில் பளபளப்பு அடங்கி பேப்பர் மங்கலாகும். காய்ந்துவிட்டது போலத் தோன்றும், ஆனால் உள்ளே ஈரம் இருக்கும். ஆபத்தான நேரம் இதுதான். 'இந்த ஓரத்தை மட்டும் கொஞ்சம் சரிசெய்துவிடுவோம்' என்று தண்ணீர் சொட்டும் பிரஷ்ஷை வைத்தால், அந்தப் புதுத் தண்ணீர் பாதி காய்ந்த வண்ணத்தைத் தள்ளிக்கொண்டே போய் ஓரத்தில் குவித்துவிடும். காலிஃபிளவர் மாதிரி சுருள் சுருளாக ஒரு விளிம்பு விழும். அதை மறைக்க இன்னொரு தடவை, பிறகு இன்னொரு தடவை என்று தொட்டுக்கொண்டே போனால் வானம் சேறாகிவிடும்.

இதற்கு வழி எளிது. பேப்பரைக் கண் மட்டத்துக்குத் தூக்கிச் சாய்வாகப் பாருங்கள். மின்னினால் தொடலாம். மங்கியிருந்தால் பிரஷ்ஷைக் கீழே வையுங்கள். முழுக்கக் காய்ந்ததா என்று தெரிய, புறங்கையை லேசாக வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தட்டினால் இன்னும் காயவில்லை. மங்கல் நேரத்தில் தொட்டே ஆகவேண்டும் என்றால், பிரஷ்ஷில் இருக்கும் ஈரம் பேப்பரில் இருக்கும் ஈரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். பழந்துணியில் பிரஷ்ஷை ஒற்றிவிட்டு வண்ணத்தைக் கெட்டியாக எடுத்தால் தப்பிக்கலாம்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சித்திரையில் பேப்பரின் மேல்பாதியை முடித்துக் கீழே வருவதற்குள் மேல்பாதி காய்ந்திருக்கும். ஐப்பசி மழை நாளில் அரைமணி நேரமானாலும் ஈரம் போகாது. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால் காற்று படும் பக்கம் மட்டும் முதலில் காய்ந்து, நடுவில் கோடு விழும். வெளிநாட்டு வீடியோவில் 'ஐந்து நிமிடம் காத்திருங்கள்' என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் பளபளப்பைப் பார்த்துப் பழகுங்கள். அந்தக் காத்திருப்பை வீண் என்று நினைப்பதும் ஒரு தவறுதான். வண்ணம் தானாக இறங்கிப் பரவுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கும் அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் நான் இதைச் செய்கிறேன்.

பேப்பரைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மெல்லிய ட்ராயிங் நோட்டுத் தாள் தண்ணீர் பட்டதும் அலை அலையாக எழும்பும், பள்ளங்களில் வண்ணம் தேங்கும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமான தாள் ஒன்று வாங்கி நான்காக வெட்டிக்கொள்ளுங்கள். சாதாரண வண்ணங்கள் போதும். காசைப் பேப்பரில் போடுங்கள்.

அடுத்தது, மேலிருந்து கீழ் வரை ஒரே நீலம். வானம் நீலமாகத் தெரிவதற்குக் காரணம், காற்று மூலக்கூறுகள் சூரிய ஒளியின் நீலப் பகுதியை மற்றவற்றைவிட அதிகமாகச் சிதறடிப்பது. உச்சியைப் பார்க்கும்போது நம் கண்ணுக்கு முன்னால் இருக்கும் காற்று குறைவு. தொடுவானத்தைப் பார்க்கும்போது பல மடங்கு காற்றையும் தூசியையும் தாண்டிப் பார்க்கிறோம். ஒளி திரும்பத் திரும்பச் சிதறி நிறங்கள் கலந்து வெளிறிவிடுகிறது. அதனால் மேலே அடர்த்தியாக ஆரம்பித்து, கீழே வர வரத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே வானத்துக்கு ஆழம் வந்துவிடும். இன்னொன்று, வாட்டர் கலர் காய்ந்ததும் ஒரு படி வெளிறும். ஈரத்தில் 'கொஞ்சம் அதிகமோ' என்று தோன்றும் அளவுதான் பெரும்பாலும் சரியான அளவு.

எந்த நீலம் என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். டிஷ்யூவை ஒற்றி மேகம் எடுக்கும் வித்தையை எல்லோரும் பார்த்திருப்போம். தாலோ நீலம், பிரஷ்யன் நீலம் இரண்டும் தாளின் இழையைச் சாயம் போலப் பிடித்துக்கொள்பவை. அவற்றின் மேல் டிஷ்யூவை எவ்வளவு அழுத்தினாலும் வெள்ளை சுத்தமாக வராது. அல்ட்ராமரின், கோபால்ட், செருலியன் மூன்றும் ஓரளவு விட்டுக்கொடுக்கும். டிஷ்யூவையும் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி மடித்து ஒற்றுங்கள். ஒரே மடிப்பில் ஒற்றினால் எல்லா மேகமும் முத்திரை குத்தியது போல ஒரே அச்சாக இருக்கும்.

சரி, மேகத்துக்கு வருவோம். சின்ன வயதில் பழகிய வளைவு வளைவான கோட்டை விட்டுவிடுங்கள். மேகத்துக்குக் கோடு கிடையாது. வெயில் படும் பக்கம் விளிம்பு கூர்மையாகத் தெரியலாம். மறுபக்கம் வானத்தோடு கரைந்துபோகும். இரண்டும் ஒரே மேகத்தில் இருந்தால்தான் அதற்கு உயிர். பஞ்சுப்பொதி மேகத்தின் அடிப்பாகத்தையும் கவனியுங்கள், கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும். மேலே எழும் ஈரக்காற்று குளிர்ந்து, ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் நீர்த்துளிகளாக மாறுகிறது. பக்கத்துப் பக்கத்து மேகங்களுக்கு அந்த உயரம் ஏறக்குறைய ஒன்று என்பதால், கண்ணுக்குத் தெரியாத ஒரு மேசையில் வரிசையாக வைத்தது போல நிற்கின்றன. அந்த மேசை நம் தலைக்கு மேலே தொடங்கித் தொடுவானம் வரை போகிறது. ஆகவே மேலே இருப்பவை பெரிதாகவும், தூரத்தில் இருப்பவை சிறுத்து நெருங்கிப் பட்டை பட்டையாகவும் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அளவில் தூவினால் வானம் சுவர் போல நிற்கும்.

எல்லா மேகமும் பஞ்சுப்பொதி இல்லை என்பதையும் மறந்துவிடுகிறோம். 1802இல் லண்டனில் லூக் ஹோவர்ட் என்ற மருந்து தயாரிப்பாளர் ஓர் உரையில் மேகங்களுக்குப் பெயர் வைத்தார். குவியலாக எழுவது குமுலஸ், படலமாகப் பரவுவது ஸ்ட்ராட்டஸ், இழையாக ஓடுவது சிர்ரஸ். வரைகிறவருக்கு இவை மூன்று கைப்பழக்கங்கள். குவியலுக்கு ஈரமும் கூர்விளிம்பும் கலந்து வேண்டும். படலத்துக்கு முழு ஈரம். சிர்ரஸ் மிக உயரத்தில் இருக்கும் பனித்துகள். அதற்குக் காய்ந்த பிரஷ்ஷால் லேசாக ஓர் இழுப்பு போதும்.

மேகத்தின் நிழலுக்குக் கறுப்பைத் தொடாதீர்கள். கறுப்பும் தண்ணீரும் கலந்த சாம்பல் உயிரில்லாமல் கிடக்கும். அல்ட்ராமரினோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைச் சேர்த்துப் பாருங்கள். நீலத்தைக் கூட்டினால் மழைமேகம் கிடைக்கும், பழுப்பைக் கூட்டினால் தூசி படிந்த மாலை மேகம். ஒரே கலவையில் அத்தனை சாம்பல்கள் இருக்கின்றன. செவ்வானத்துக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. மேலே நீலம், கீழே மஞ்சள் என்று ஈரத்திலேயே முட்டவிட்டால் நடுவில் பச்சை வந்துவிடும். இடையில் மெலிதாக ஒரு ரோஜா நிறத்தை விடுங்கள். அது நீலத்தோடு சேர்ந்தால் ஊதா, மஞ்சளோடு சேர்ந்தால் ஆரஞ்சு.

ஃபோனில் படம் எடுத்துவைத்து, பிறகு அதைப் பார்த்து வரைவதை நான் ஆதரிக்க மாட்டேன். கேமராவில் வெயில் பட்ட மேகம் வெறும் வெள்ளையாக வெளுத்துவிடும், இல்லையென்றால் வானம் இருண்டுவிடும். கண்ணுக்குத் தெரிந்த அந்த இளம்மஞ்சள் அதில் இருக்காது. அப்புறம், படத்தைப் பார்த்து வரையும்போது தலை குனிந்தே இருக்கும். நேரில் வரையும்போது அண்ணாந்து பார்க்கிறோம், மூச்சு தானாக நீளுகிறது. சூரியனை மட்டும் நேராகப் பார்க்காதீர்கள்.

மனசை இறுக்கும் தவறு ஒன்று இருக்கிறது: ஒவ்வொன்றையும் முழுப் படமாக முடிக்க நினைப்பது. கீழே தென்னை மரம், கோபுரம், பறவை என்று சேர்க்கத் தொடங்கியதும் அது வேலையாகிவிடுகிறது. இங்கிலாந்து ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட்டில் வெறும் வானத்தை மட்டும் சின்னச் சின்னத் தாள்களில் எண்ணெய் வண்ணத்தால் வரைந்து தள்ளினார். பலவற்றின் பின்பக்கம் குறிப்பு இருக்கும். 1822 செப்டம்பர் 5இல் வரைந்ததில், தென்கிழக்கு நோக்கி, நண்பகல், காற்று பலம், மேகங்கள் வெகுவேகம் என்று எழுதியிருக்கிறார். கண்காட்சிக்காக அவர் அவற்றை வரையவில்லை, வானத்தைத் தெரிந்துகொள்ள வரைந்தார்.

நீங்களும் அப்படிச் செய்யலாம். இருபது நிமிடம், ஒரு சின்னத் தாள். காய்ந்ததும் பின்னால் தேதி, மணி, காற்று. காற்றுக்கு நம்மிடம் பெயர்கள் இருக்கின்றன: தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை, வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல். கொண்டல் என்றால் மேகம் என்றும் ஒரு பொருள் உண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வாரத்தில் சென்னையிலோ கடலூரிலோ கடல் பக்கம் பார்த்து உட்கார்ந்தால், அந்தச் சொல் ஏன் இரண்டுக்கும் பொருந்துகிறது என்று தாளிலேயே தெரியும். அன்றைக்கு அல்ட்ராமரினைக் கொஞ்சம் தாராளமாகக் கரைத்துக்கொள்ளுங்கள்.