புதிய கேமரா வாங்கும் முன் ஒதுக்கிய படங்களை எடுத்துப் பாருங்கள்

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இருக்காது. திருமணப் படம் எடுக்கும் பலருக்கும் கேமராவை மாற்றிவிடலாமா என்ற எண்ணம் அந்த ஓய்வான வாரங்களில்தான் எழுகிறது. பாடிக்கு, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவுக்கு மட்டுமே, இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டும் மாடல்கள் இன்று சாதாரணமாகிவிட்ட நிலையில், தவணையில் வாங்கி, அதை அடைக்க இரண்டு பருவங்கள் உழைப்பதற்கு முன், அந்தச் செலவு நம் படங்களில் எதைச் சரிசெய்யும் என்று தெரிந்துகொள்வது அவசியம். அதற்கு விமர்சன வீடியோக்கள் உதவா. உங்கள் ஹார்டு டிஸ்க்கிலேயே விடை இருக்கிறது.

கடைசியாகச் செய்த மூன்று திருமணங்களின் கோப்புகளைத் திறந்து, ஆல்பத்துக்கு வேண்டாம் என்று ஒதுக்கியவற்றிலிருந்து நூறு படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஏன் ஒதுக்கப்பட்டது என்பதற்கு ஒரே ஒரு காரணத்தை ஒரு தாளில் எழுதுங்கள். கண் மூடியிருந்தது, யாரோ குறுக்கே வந்தார், பின்னணியில் டியூப் லைட் தெரிகிறது போன்ற காரணங்களை முதலில் அடித்துவிடலாம். அவற்றுக்கும் கேமராவுக்கும் தொடர்பில்லை. ஆள் அசைந்து மங்கிய படங்களையும் அந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். புதிய பாடிகளுக்குள் இருக்கும் அதிர்வுத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தை ஈடுசெய்யுமே தவிர, மாலை மாற்றும் மணமகளின் அசைவை நிறுத்தாது. அதை நிறுத்த வேகமான ஷட்டர் வேண்டும். ஷட்டர் வேகத்தைக் கூட்ட வெளிச்சம் வேண்டும்.

எஞ்சியவற்றில் பெரும்பகுதி, மண்டப வெளிச்சத்தில் நாய்ஸ், அதாவது புள்ளி புள்ளியான இரைச்சல், மிகுந்து கெட்ட படங்களாக இருக்கக்கூடும். பாடியை மாற்றியே ஆக வேண்டும் என்று பலர் முடிவுகட்டுவது இங்கேதான்; என் கருத்தில் மிக அதிகப் பணம் வீணாவதும் இங்கேதான். கேமராவுடன் வந்த கிட் லென்ஸை முழுமையாக ஜூம் செய்தால் பெரும்பாலும் அதன் துளை எஃப் 5.6 வரை சுருங்கிவிடும்; எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகி, உள்ளே வரும் வெளிச்சம் குறையும். ஒரு மண்டபத்தில் அந்தத் துளைக்கு ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்கான உணர்திறன்; இதைக் கூட்டினால் நாய்ஸும் தெரியும்) 6400 தேவைப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், அதே ஷட்டர் வேகத்தில் எஃப் 2.8 லென்ஸுக்கு 1600 போதும்; எஃப் 1.8 லென்ஸுக்கு ஏறத்தாழ 640 போதும். 2014-இல் வந்த நிக்கான் டி750 போன்ற ஃபுல் ஃப்ரேம் (படத்தைப் பதிக்கும் சென்சார் பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள) கேமராவை விட்டு, அதே சென்சார் அளவுள்ள இன்றைய கேமராவுக்கு மாறினால் நாய்ஸில் கிடைக்கும் ஆதாயம் ஒரு ஸ்டாப்பைக்கூட (வெளிச்சம் இரு மடங்காவது ஒரு ஸ்டாப்) எட்டாது. லென்ஸை மாற்றினாலோ இரண்டு முதல் மூன்று ஸ்டாப் வரை கிடைக்கிறது. அதைவிடச் சிறிய க்ராப் சென்சாரிலிருந்து ஃபுல் ஃப்ரேமுக்கு மாறுவோருக்கு ஒரு ஸ்டாப்பைச் சற்று மிஞ்சிய ஆதாயம் உண்மையாகவே உண்டு. ஆயினும் அவர்களும் லென்ஸைத்தான் முதலில் வாங்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: எஃப் 1.8-இல் அருகிலிருந்து எடுத்தால் மணமகன் முகம் தெளிவாகவும் மணமகள் முகம் மங்கலாகவும் விழக்கூடும் என்பதால், இருவர் சேர்ந்து நிற்கும் படங்களுக்கு 2.8 அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணே பாதுகாப்பானது.

மெகாபிக்சல் பற்றிய கவலையை ஆல்பத்தின் அளவை வைத்தே தீர்க்கலாம். 24 மெகாபிக்சல் படத்தின் அகலம் 6000 பிக்சல். எதிரெதிர் இரு பக்கங்கள் சேர்ந்த வழக்கமான 12-க்கு 36 அங்குல விரிப்பில் பாதியை, அதாவது 18 அங்குலத்தை, ஒரு படம் நிரப்பினால் அங்குலத்துக்கு 333 பிக்சல் கிடைக்கிறது. அச்சுக்கு இது தாராளம். முழு விரிப்பையும் ஒரே படம் நிரப்பும்போது அது 167 ஆகக் குறையும். 45 மெகாபிக்சல் கேமரா அதை 229 ஆக உயர்த்தும். விரித்து வைத்துப் பார்க்கும் ஆல்பத்தில் அந்த வேறுபாட்டை உணர்வது கடினம். கோப்புகளின் எடையோ ஒவ்வொரு திருமணத்துக்கும் கூடிக்கொண்டே போகும்.

ஃபோகஸ் தவறிய படங்களின் எண்ணிக்கை அதிகமாக இருந்தால், அது பாடியை மாற்றுவதற்கு நியாயமான காரணம். கேனான் 6டி கேமராவில் மொத்தம் 11 ஃபோகஸ் புள்ளிகளே உண்டு. நடுப்புள்ளி மட்டுமே குறுக்குவகை, அதாவது நெடுக்கு, குறுக்கு இரு கோடுகளையும் உணர்ந்து உறுதியாக ஃபோகஸ் செய்வது. ஓரத்தில் நிற்கும் முகத்தை மங்கிய வெளிச்சத்தில் அதனால் பிடிப்பது போராட்டம்தான். கண்ணைத் தொடர்ந்து பிடிக்கும் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா அந்தப் போராட்டத்தை உண்மையிலேயே குறைக்கிறது. ஆனால் ஏற்கெனவே மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் முதலில் ஃபர்ம்வேரை, அதாவது கேமராவுக்குள் இயங்கும் மென்பொருளின் புதிய பதிப்பை, பார்க்க வேண்டும். சோனி ஏ7 III கேமராவுக்கு, அது சந்தைக்கு வந்த மறு ஆண்டு, 2019 ஏப்ரலில், கண்ணைத் தொடரும் மேம்பட்ட ஃபோகஸ் வசதி இலவசமாகவே வந்தது.

பாடியை மாற்ற, அந்த நூறு படங்களில் தெரியாத இரண்டு காரணங்களும் உள்ளன. 6டி போல ஒரே கார்டு மட்டும் ஏற்கும் கேமராவில் திருமணம் எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். கார்டு பழுதானால் தாலி கட்டும் தருணத்தை மீண்டும் எடுக்க வழியே கிடையாது. இந்த ஒரு காரணத்துக்காக மட்டுமே கேமராவை மாற்றினாலும் அது சரியான முடிவே. இரண்டாவது, ஷட்டர். டி750-இன் ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. ஒரு திருமணத்துக்கு 3000 படங்கள் என்றால் 50 திருமணங்களில் அந்த எண்ணைத் தொட்டுவிடுவோம். அதைத் தாண்டியும் ஷட்டர் உழைக்கலாம், உழைக்காமலும் போகலாம். எண்ணிக்கை நெருங்கியதும் ஷட்டரை மட்டும் மாற்றிக்கொள்ள முடியும் என்பதால், சர்வீஸ் செலவைக் கேட்டறிந்த பிறகே பாடியைப் பற்றி யோசியுங்கள்.

மாறுவது என்று முடிவானால் லென்ஸ்களையும் கணக்கில் கொள்ளுங்கள். கேனானின் பழைய இ.எஃப். லென்ஸ்கள், அவற்றைப் புதிய மிரர்லெஸ் பாடியில் பொருத்த உதவும் அடாப்டர் வழியே, ஆட்டோஃபோகஸுடன் நன்றாகவே இயங்குகின்றன. நிக்கானில் உள்ளே மோட்டார் இல்லாத பழைய ஏ.எஃப்.-டி லென்ஸ்களுக்கு அந்நிறுவனத்தின் எஃப்.டி.இசட். அடாப்டரில் ஆட்டோஃபோகஸ் கிடையாது. அத்தகைய லென்ஸ்கள் பையில் இருந்தால் புதிய கேமராவின் உண்மையான விலை, கடையில் சொல்லும் விலையை விடக் கூடுதல்.

பணம் கட்டுவதற்கு முன் அந்த மாடலை ஒரு முகூர்த்தத்துக்கு வாடகைக்கு எடுத்து, பழைய கேமராவையும் தோளில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை மண்டபத்து எல்.இ.டி. விளக்குகளின் கீழ் கட்டாயம் சோதித்துப் பாருங்கள். சில விளக்குகளில் படம் முழுவதும் கோடுகள் விழும். பிறகு வீட்டுக்கு வந்து, இரண்டு கேமராக்களிலும் ஒதுக்கிய படங்களை மறுபடியும் அதே தாளில், அதே காரணங்களின் கீழ் எண்ணுங்கள். ஃபோகஸ் வரிசையில் எண்ணிக்கை தெளிவாகக் குறைந்திருந்தால் வாங்கலாம். குறையவில்லையென்றால், வாடகைத் தொகையோடு செலவு முடிந்தது. மீதிப் பணம் லென்ஸுக்குப் போகட்டும்.