கண்ணாடி மணியின் துளையை நீருக்குள் வைத்தே அராவுங்கள்

தீச்சுடரில் உருக்கிய கண்ணாடியை எஃகுக் கம்பியில் சுற்றி மணி செய்பவர்கள், கண்ணாடி கம்பியோடு ஒட்டிக்கொள்ளாதிருக்க அதன்மேல் முன்கூட்டியே களிமண் கலந்த பூச்சொன்றைத் தடவி உலரவிடுவார்கள்; மணி ஆறிக் கழன்ற பின்னரும் அந்தப் பூச்சு பொடியாகத் துளைக்குள் தங்கிவிடும். அதை உலர்ந்த நிலையில் ஒருபோதும் சுரண்டாதீர்கள். அப்பொடியில் சிலிக்கா இருக்கக்கூடும். நுண்ணிய சிலிக்காத் தூசு நுரையீரலுக்குத் தீராத கேடு விளைவிக்கும்.

மணியைக் கிண்ணத்து நீரில் அமிழ்த்தி, வைரத்துகள் பதித்த மெல்லிய உருளை அரத்தைத் துளைக்குள் விட்டு மெதுவாகச் சுழற்றினால், தூசு நீரிலேயே அடங்கிவிடும். துளையின் விளிம்பையும் நான்கைந்து சுற்று அராவிவிடுங்கள். நான் பழுதுபார்த்த மாலைகளுள் பெரும்பாலானவை அறுந்தது நூலின் குறையால் அன்று, அந்தக் கூர்விளிம்பு நாள்தோறும் நூலைத் தேய்த்ததால்தான். அராவிய நீரைக் கழுவுதொட்டியில் ஊற்ற வேண்டாம், அடியில் படியும் களிமண் குழாயை அடைத்துவிடும்.

கொழும்பின் வெள்ளவத்தை போன்ற கடலோரப் பகுதிகளில் காற்று ஈரமாகவே இருப்பதால், கழுவிய மணிகளை உடனே கோக்காமல் ஓர் இரவு முழுவதும் மின்விசிறியின் கீழ் உலரவிடுங்கள். துளைக்குள் எஞ்சும் ஈரம், பட்டுநூலை இற்றுப்போகச் செய்யும்; நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவில் தேடி வாங்கிய வெள்ளிக் கம்பியையும் விரைவில் கறுக்கவைக்கும்.