பாரிஸிலிருந்து வலென்சியாவுக்கு: ஒருவர் ஐரோப்பியர், ஒருவர் இந்தியர் என்றால் குடிபெயர்வது எப்படி?

என் மனைவி பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். என்னிடம் இருப்பது இந்திய பாஸ்போர்ட். பாரிஸிலிருந்து வலென்சியாவுக்குக் கிளம்பியபோது, "உங்களுக்கு ஸ்பெயின் விசா கிடைத்துவிட்டதா?" என்று கேட்காத ஆளே இல்லை. எங்களைப் போன்ற நிலையில் இருப்பவர்கள் வீணாகப் பயப்படக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் தம் சொந்த நாட்டை விட்டு இன்னோர் உறுப்பு நாட்டில் குடியேறினால், கணவனோ மனைவியோ எந்த நாட்டவராக இருந்தாலும் உடன் போய் வாழலாம், வேலையும் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004/38 என்ற எண்ணுள்ள ஆணை இதைச் சொல்கிறது. பிரான்ஸ் என் மனைவியின் சொந்த நாடு; அதனால் அங்கே நான் பிரெஞ்சுச் சட்டப்படி இருந்தேன். ஸ்பெயினுக்கு வந்ததும் இந்த ஆணைக்குள் வந்துவிட்டேன். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

படி 1: பெயரைச் சரிபாருங்கள்

நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். இந்திய பாஸ்போர்ட்டில் என் அப்பா பெயர் குடும்பப்பெயராக முழுசாக இருக்கிறது. திருமணச் சான்றிதழில் அதுவே ஒற்றை இனிஷியல். ஸ்பானிய விண்ணப்பத்திலோ முதல் குடும்பப்பெயர், இரண்டாம் குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள்! பாஸ்போர்ட்டில் உள்ளதை அப்படியே எழுதுங்கள், இரண்டாம் கட்டத்தைக் காலியாக விடுங்கள். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் கிளம்பும் முன்பே வாங்கினேன், அது பிறகு கை கொடுத்தது.

திருமணம் பிரான்சில் பதிவாகியிருந்தால், அந்தச் சான்றிதழுக்கு ஸ்பெயினில் அப்போஸ்டில் (ஆவணம் அசல் என்று வெளிநாட்டுக்கு உறுதி சொல்லும் அரசு முத்திரை) தேவையில்லை. 2019 பிப்ரவரி 16 முதல் ஒன்றிய நாடுகளுக்குள் அந்தச் சலுகை உண்டு. கூடவே பன்மொழிப் படிவத்தையும் கேட்டு வாங்குங்கள், மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம். தமிழ்நாட்டில் பதிவான திருமணம் என்றால் அப்போஸ்டில் முத்திரை, பிறகு அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் ஸ்பானிய மொழிபெயர்ப்பு, இரண்டும் வேண்டும்.

படி 2: பயணம்

செல்லுபடியாகும் பிரெஞ்சு வதிவிட அட்டை இருந்தால், ஷெங்கன் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) நாடான ஸ்பெயினுக்கு விசா இல்லாமல் போகலாம். அயர்லாந்து ஷெங்கனில் இல்லை, அங்கே அந்த அட்டை செல்லாது. விசா தேவைப்பட்டாலும் கட்டணம் கிடையாது, விரைவாகவும் கொடுக்க வேண்டும். காசு கேட்டால் இந்த ஆணையைச் சுட்டிக்காட்டுங்கள்.

படி 3: முதலில் ஐரோப்பியர் பதிவு செய்யட்டும்

வாடகை ஒப்பந்தத்தோடு நகராட்சிக்குப் போய் இருவரும் முகவரியைப் பதியுங்கள். இதற்கு எம்பத்ரோனமியெந்தோ என்று பெயர். பிறகு மனைவி மூன்று மாதத்துக்குள் இ.எக்ஸ்.-18 படிவத்தில் பதிவு செய்ய வேண்டும். வேலை ஒப்பந்தம் இருந்தால் சிக்கலில்லை. வேலை இல்லையென்றால் போதிய பணமும் முழுமையான மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். கையில் கிடைப்பது படம்கூட இல்லாத ஒரு பச்சைத் தாள்தான். அதைப் பத்திரமாக வையுங்கள், உங்கள் விண்ணப்பம் அதன்மேல்தான் நிற்கிறது.

படி 4: உங்கள் அட்டை

வதிவிட அட்டைக்கு நீங்கள் நிரப்ப வேண்டியது இ.எக்ஸ்.-19 படிவம். நாட்டுக்குள் வந்த மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்தை நேரில் கொடுக்க சீத்தா பிரேவியா என்னும் முன்பதிவு கிடைப்பதுதான் பெரும்பாடு, அதனால் வந்த வாரமே தேடத் தொடங்குங்கள்.

எங்கள் முறை வந்தபோது கவுண்ட்டரில் இருந்தவர் தாள்களைப் பார்க்காமலேயே, "குடும்ப ஒன்றிணைவுக்கு விண்ணப்பியுங்கள்" என்று திருப்பித் தள்ளினார். அது ஸ்பெயினில் வாழும் ஐரோப்பியர் அல்லாதவர்கள் தம் குடும்பத்தை அழைப்பதற்கான வழி. என் மனைவி எழுந்துவிடவில்லை. படிவத்தின் தலைப்பில் விரலை வைத்து, 'ஒன்றியக் குடிமகனின் குடும்பத்தினர்' என்ற வரியை மெதுவாக வாசித்துக் காட்டினார், பச்சைத் தாளையும் அதன் பக்கத்தில் வைத்தார். கவுண்ட்டரில் இருந்தவர் உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார். நீங்களும் எழுந்து வந்துவிடாதீர்கள்.

விண்ணப்பத்தை வாங்கியதும் ரெஸ்குவார்தோ என்ற ரசீது தருவார்கள். அட்டை வரும்வரை நீங்கள் சட்டப்படி இருப்பதற்கு அதுவே அத்தாட்சி, நாலு நகல் எடுத்து வையுங்கள். அப்புறம் கைரேகை, அட்டை. ஆணைப்படி ஆறு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஸ்பானிய விதி மூன்றே மாதம் என்கிறது.

இழுத்தடித்தாலோ, இல்லாத ஆவணம் கேட்டாலோ, சோல்விட் என்ற சேவைக்கு எழுதுங்கள். ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் உண்டு, இலவசம். பொதுவாகப் பத்து வாரத்துக்குள் தீர்வு காண முயல்வார்கள்.

அட்டை ஐந்து ஆண்டுக்குச் செல்லும். ஐந்து ஆண்டு தொடர்ந்து சட்டப்படி வாழ்ந்தால் நிரந்தர வதிவிடம் கேட்கலாம். இடையில் பிரான்சுக்கே திரும்ப நேர்ந்தாலும், மனைவியோடு உடன் வாழும் உரிமை உங்களை விட்டுப் போகாது. 1992இல் ஐரோப்பிய நீதிமன்றம் சுரிந்தர் சிங் வழக்கில் அப்படித்தான் தீர்ப்பளித்தது. அந்தக் கணவர் ஓர் இந்தியர். பிரிட்டிஷ் மனைவியோடு ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு பிரிட்டனுக்குத் திரும்பியவர். எனவே வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, மின் கட்டண ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஸ்பெயினில் உண்மையாகவே குடியிருந்தீர்கள் என்று அன்றைக்குக் காட்ட அவை வேண்டும்.