கொலராடோ மலையில் எல்க் வேட்டை: சுமைக் கணக்கை மறந்தால் வரும் தவறுகள்

அமெரிக்காவின் கொலராடோவில் எல்க் எனும் பெரிய மானை வேட்டையாட முதல் தடவை கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ரைஃபிளிலிருந்துதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். எந்தக் காலிபர், எந்த ஸ்கோப், எவ்வளவு தூரம் அடிக்கும் என்று மாதக்கணக்கில் பேச்சு ஓடும். ஆளைக் கவிழ்ப்பது வேறொரு கணக்கு.

நன்றாக வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். நம்மூர் மிளாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். எலும்பு நீக்கிய கறி மட்டும் 80 முதல் 110 கிலோ தேறும்; கொம்பும் தலையும் தனி. ஓர் ஆள் 25, 30 கிலோ சுமந்து சரிவில் நடந்தால் குறைந்தது நான்கு நடை. வண்டி 5 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது என்றால், சுமையோடு நான்கு முறை வெளியே, வெறும் பையோடு மூன்று முறை உள்ளே, மொத்தம் 35 கிலோமீட்டர். அதுவும் 3,000 மீட்டர் உயரத்தில், விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி. தனி ஆளுக்கு இரண்டு நாள் வேலை. பகல் வெயில் ஏறினால் கறி அதுவரை பொறுக்காது.

அதனால் திட்டத்தைப் பின்னாலிருந்து போட வேண்டும். எத்தனை பேர், எவ்வளவு சுமை, எத்தனை மணி நேரம் என்று முதலில் எழுதுங்கள். வண்டியிலிருந்து எவ்வளவு தூரம் உள்ளே போகலாம் என்பது அதிலிருந்து தானாக வரும். தனி ஆள் என்றால் 3 கிலோமீட்டருக்குள் நிற்பது நல்லது. இருவர் என்றால் 5 வரை யோசிக்கலாம். தூரத்தைவிட இறக்கம் ஏமாற்றும். காலையில் சுலபமாக இறங்கிய 400 மீட்டர் பள்ளத்தை, பின்னந்தொடையைச் சுமந்துகொண்டு ஏறும்போதுதான் அது என்ன என்று தெரியும். கூடாரத்துக்கும் வண்டிக்கும் மேலே இருக்கும் சரிவில் வேட்டையாடினால் சுமை கீழ்நோக்கி வரும். இந்த ஒரு தேர்வே பாதி உழைப்பை மிச்சப்படுத்தும்.

ஏடிவி எனும் காட்டுப்பாதை வண்டியை மிருகம் விழுந்த இடம் வரை ஓட்டிவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. தேசிய வனங்களில், வாகன வரைபடத்தில் குறித்த பாதைகளில் மட்டுமே வண்டி ஓடலாம். கறி எடுக்கத்தான் போகிறேன் என்பது பெரும்பாலான இடங்களில் சாக்காகாது. ஃப்ளாட் டாப்ஸ், வெமினூச் போல 1964 சட்டப்படி ‘வில்டர்னெஸ்’ என்று ஒதுக்கிய பகுதிகளில் சக்கரம் வைத்த கைவண்டிக்கும் தடை. அங்கே முதுகு, இல்லாவிட்டால் குதிரை. குதிரையில் கறி இறக்கித் தருபவர்கள் இருக்கிறார்கள். அந்த வனத்துக்கு அனுமதி பெற்றவர் யார், என்ன கூலி, அழைத்தால் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பதை ஆகஸ்டிலேயே பேசி வைக்க வேண்டும். மிருகம் விழுந்த பிறகு தேடினால் அவர் வேறு யாருடைய எல்க்கையாவது இறக்கிக்கொண்டிருப்பார்.

காகித வேலை

அக்டோபர் வேட்டைக்குக் கோடையில் யோசிப்பது வழக்கமான பிழை. கொலராடோவில் வேட்டை உரிமம் வழங்கும் பிரதானக் குலுக்கலுக்கான விண்ணப்பம் ஏப்ரல் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். விண்ணப்பிப்பதற்கே வேறொரு தகுதி உரிமம், அதாவது சிறு விலங்கு அல்லது வான்கோழி உரிமம், முதலில் வாங்கியிருக்க வேண்டும். விண்ணப்பித்தும் கிடைக்காத ஆண்டுக்கு ஒரு புள்ளி சேரும்; குலுக்கலில் புள்ளி அதிகம் சேர்த்தவருக்கே முன்னுரிமை. பேர்போன பகுதிகளுக்குப் பல ஆண்டுப் புள்ளி வேண்டும். அதற்காகக் காத்திருந்து ஒருமுறைகூட மலை ஏறாதவர்கள் நிறைய. முதல் வேட்டைக்குச் சுலபமாகக் கிடைக்கும் பகுதியை எடுத்துப் பழகுவதே மேல்.

பழைய தகவலை நம்புவது இதைவிட மோசம். வெளிமாநிலத்தவர் கடையில் நேரே வாங்கிக்கொண்டிருந்த எல்க் வில்வேட்டை உரிமம், ஐ-25 நெடுஞ்சாலைக்கு மேற்கே 2025 முதல் குலுக்கலுக்கு மாறிவிட்டது. இரண்டாம், மூன்றாம் ரைஃபிள் பருவங்களுக்கு ஆண் எல்க் உரிமம் பல பகுதிகளில் குலுக்கல் இல்லாமல் கிடைத்து வருகிறது. எதுவானாலும் அந்த ஆண்டின் கையேட்டைத் திறந்து பார்க்காமல் விடுப்பு போடாதீர்கள். வெளிமாநிலத்தவருக்குக் கட்டணம் 800 டாலருக்கு மேல். தொடர்ந்து ஆறு மாதம் கொலராடோவில் குடியிருந்தவருக்கு நூறு டாலருக்குள் முடியும். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் வேட்டைப் பயிற்சி அட்டை வைத்திருக்க வேண்டும்.

எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். அந்த விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. அமெரிக்காவில் முறையாகப் பெற்ற, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கு ஒரு விலக்கு. உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும். நண்பரின் ரைஃபிளைக் கடன் வாங்குவது, பயிற்சிக்குச் சுடுவது எல்லாமே இதற்குள் அடங்கும். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை.

கூட்டாகப் போகும் நண்பர்கள் அறியாமல் செய்யும் குற்றம் ஒன்று உண்டு: ஒருவர் உரிமத்துக்கு இன்னொருவர் சுடுவது. கொலராடோவில் அது கூடாது. பல பகுதிகளில் ஆண் எல்க் என்றால் ஒரு கொம்பில் நான்கு கிளையாவது இருக்க வேண்டும், அல்லது கொம்பின் அடியில் முதலில் கிளம்பும் புருவக் கிளை 5 அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும். அந்தி வெளிச்சத்தில் கொம்பு தெரிகிறது என்பது போதாது. கிளையை எண்ணிய பிறகே விரல் விசைக்குப் போக வேண்டும்.

எல்லைக்கோடு

மேற்கு மாநிலங்களில் அரசு நிலமும் தனியார் நிலமும் பல இடங்களில் சதுரங்கக் கட்டம்போல மாறி மாறிக் கிடக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் ரயில் கம்பெனிகளுக்கு நிலம் கொடுத்த முறையின் மிச்சம் அது. இரண்டு அரசுக் கட்டங்கள் மூலையில் மட்டும் தொட்டுக்கொள்ளும்போது, அந்தப் புள்ளியைத் தாண்டலாமா என்பது நெடுநாள் வழக்கு. வயோமிங்கின் எல்க் மவுண்டனில் 2021இல் அப்படிக் கடந்த நான்கு வேட்டைக்காரர்கள் விஷயத்தில், 10ஆவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. தனியார் தரையில் கால் படாமல் கடந்தவர்களுக்கான தீர்ப்பு அது. கொலராடோவும் அந்த வட்டத்தில் அடங்கும், மொன்டானா அடங்காது. வயோமிங்குக்குத் திட்டத்தை மாற்றுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அங்கே வில்டர்னெஸ் பகுதிக்குள் பெரிய விலங்கை வேட்டையாட, வெளிமாநிலத்தவர் உரிமம் பெற்ற வழிகாட்டியையோ உள்ளூர்வாசியையோ உடன் வைத்திருக்க வேண்டும்.

ஆன்எக்ஸ் போன்ற செயலியில் எல்லைகள் தெரியும். ஆனால் மலையில் சிக்னல் இருக்காது; வீட்டிலேயே வரைபடத்தை இறக்கிவைத்து, போனை விமான நிலையில் போட்டு ஒருமுறை திறந்து பாருங்கள். குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும். போனை உள்சட்டைப் பையில் வையுங்கள். ஒரு காகித வரைபடமும் திசைகாட்டியும் 200 கிராம்கூட இல்லை. சமாதானம் பேசாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

உடம்பும் கூடாரமும்

கடல் மட்டத்திலிருந்து விமானம் ஏறி, மறுநாள் காலை 3,000 மீட்டரில் வேட்டைக்கு நிற்பவருக்குத் தலைவலியும் குமட்டலும் வருவது சகஜம். டென்வர் 1,600 மீட்டர். அங்கேயோ 2,400க்குக் கீழேயோ ஓரிரு இரவு தங்கி ஏறினால் உடம்பு பழகும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், அன்றே கீழே இறங்க வேண்டும். காலைவரை பார்க்கலாம் என்பது அங்கே ஆகாது.

தண்ணீர் வடிகட்டி நனைந்த நிலையில் ஒருமுறை உறைந்தால், உள்ளிருக்கும் நுண்குழல்கள் வெடித்து அது வெறும் குழாயாகிவிடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. இரவில் அதைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்வது கொஞ்சம் அசௌகரியம்தான். ஓடைநீர்க் கிருமியான கியார்டியா தரும் வயிற்றுப்போக்கைவிடச் சுகம். நவம்பருக்கு டயர் சங்கிலியும் மண்வெட்டியும் வண்டியில் கட்டாயம். காய்ந்திருக்கும்போது கார்கூடப் போகும் மண்பாதை, பனி விழுந்து உருகினால் களிமண் சகதி.

காற்றும் எல்க்கும்

எல்க் கண்ணை ஏமாற்றலாம், காதைச் சமாளிக்கலாம், மூக்கை முடியாது. புதியவர்கள் செயலியில் காற்றின் திசையைப் பார்த்துவிட்டு ஏறுகிறார்கள். மலைக்குள் அந்தத் தகவல் பாதிதான் உதவும். இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் கீழே வழியும். வெயில் பட்டதும் அதே காற்று மேலே ஏறத் தொடங்கும். மாலை நிழல் விழுந்ததும் மறுபடி கீழே. ஆகவே விடியலில் கீழிருந்து மேலே அணுகலாம். வெயில் ஏறியபின் மேலிருந்து. நடுவில் காற்று மாறும் அந்த ஒரு மணி நேரம் எங்கேயாவது உட்கார்ந்திருங்கள். சின்ன பாட்டிலில் முகப்பவுடர் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பிதுக்கு. தூள் முதலில் உங்கள் முகத்துக்கு நேரே மிதந்து, பத்தடி தள்ளிப் பாறையைச் சுற்றி வளைந்து, நீங்கள் போகவிருக்கும் ஓடைக்குள் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். அப்படி இறங்கினால் அந்த ஓடையை அன்று மறந்துவிடுங்கள்.

அக்டோபர், நவம்பரில் பெரிய ஆண் எல்க் செப்டம்பர் இணைசேர்க்கையில் இளைத்துப்போய்த் தனியாக, வடக்குப் பார்த்த சரிவின் அடர்ந்த ஸ்ப்ரூஸ், ஃபிர் காட்டுக்குள் படுத்திருக்கும். திறந்த புல்வெளிக்கு வருவது பெரும்பாலும் இருட்டில். விடிந்து வெகுநேரம் கழித்துப் புல்வெளியைப் பைனாகுலரில் துழாவிவிட்டு ‘இந்த மலையில் எல்க்கே இல்லை’ என்பவர்கள் மறுநாள் ஊர் திரும்புகிறார்கள். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே சட்டப்படி சுடலாம். அதற்கும் முன்னால் பார்வைமேட்டில் இருக்க வேண்டும். ஒரே இடத்தை நம்பிப் போவதும் தவறு. முதல் நாளே நான்கு வண்டிகள் அங்கே நிற்கக்கூடும். வெவ்வேறு உயரத்தில் மூன்று இடமாவது குறித்து வையுங்கள். பனி கனத்தால் எல்க் கூட்டம் கீழே நகரும்.

சுடும் முன்னும் பின்னும்

கொலராடோவில் எல்க்குக்குக் குறைந்தது .24 காலிபர், 85 கிரெய்ன் எடையுள்ள தோட்டா. அது சட்டத்தின் கீழெல்லை; வேட்டைக்கு .308, .30-06, 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் எல்லாம் தாராளம். விமானத்திலும் மண்பாதையிலும் குலுங்கி வந்த ஸ்கோப்பை நம்பாமல் மூன்று தோட்டா சுட்டுச் சரிபாருங்கள். பெஞ்சில் உட்கார்ந்து சுட்ட பழக்கம் சரிவில் கைகொடுக்காது. உட்கார்ந்தும் முட்டி போட்டும், பையின் மேல் சாய்த்தும் பழகுங்கள். செங்குத்தான சரிவில் குண்டின் இறக்கத்தைக் கிடைத்தூரம்தான் முடிவுசெய்கிறது: 30 பாகைச் சாய்வில் 400 கஜம் என்று காட்டினால், 346 கஜத்துக்குத்தான் குறி. இதை மறந்தால் குண்டு முதுகுக்கு மேலே போகும். ரைஃபிள் பருவத்தில் ஒளிரும் ஆரஞ்சோ இளஞ்சிவப்போ 500 சதுர அங்குலம், தலையிலும் அதே நிறத்தில் தொப்பி. கேமஃப்ளாஜ் அச்சு கலந்த ஆரஞ்சு கணக்கில் வராது.

சுட்டவுடன் ஓடாதீர்கள். மறுபக்கச் சரிவிலிருந்து பார்த்த காய்ந்த மரம், அங்கே போய் நின்றால் ஐம்பது காய்ந்த மரங்களில் ஒன்றாகிவிடும். நின்ற இடத்திலிருந்தே போனில் ஒரு படம் எடுத்து, மிருகம் கடைசியாக நின்ற புள்ளியை விரலால் வட்டமிடுங்கள். இளஞ்சிவப்பாக நுரைத்த ரத்தம் நுரையீரல் அடி. அரை மணி பொறுத்துத் தொடரலாம். பச்சையாகக் கசிவும் நாற்றமும் இருந்தால் குடலில் பட்டிருக்கிறது; ஆறு மணி நேரமாவது விட வேண்டும். அவசரப்பட்டால் அது எழுந்து அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடும்.

கறியைக் கெடுப்பது வெளிக்குளிர் போதாதது அல்ல, உள்சூடு. உறைபனி நாளிலும் தோலோடு கிடக்கும் எல்க், இடுப்பு மூட்டைச் சுற்றி மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். எலும்பை ஒட்டிப் புளித்த வாடை அடித்தால் அந்தத் தொடை போச்சு. வயிற்றைத் திறக்காமல் வெட்டும் முறை தனி ஆளுக்கு ஏற்றது. ஒருக்களித்துக் கிடத்தி, சரிவில் உருளாமல் ஒரு காலை மரத்தில் கட்டுங்கள். முதுகெலும்பின் மேல் கழுத்திலிருந்து வால் வரை கீறித் தோலை வயிற்றுப்பக்கம் உரித்து இறக்குங்கள். முன்சப்பைக்கு எலும்பு மூட்டு கிடையாது, விலாவை ஒட்டிக் கத்தியை ஓட்டினாலே கழன்றுவிடும். பின்னந்தொடையைப் பந்து மூட்டில் பிரித்து, முதுகுக்கறியை நீளமாக எடுங்கள். கடைசி விலாவுக்குப் பின்னால் கையை நுழைத்து உள்முதுகுக்கறியை உருவுங்கள். பிறகு கழுத்துக்கறி. புரட்டிப்போட்டு மறுபக்கம். ஒரு தொடையில் விரைப்பகுதியை இயல்பாக ஒட்டியபடியே விட வேண்டும். ஆணா பெட்டையா என்பதற்கு அதுவே சட்டச் சாட்சி. கறியைப் பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள், வெந்துவிடும். காற்றுப் போகும் துணிப்பையில் கட்டி, வடக்குப் பார்த்த நிழலில் ஓடைக் குளிரில் தொங்கவிடுங்கள். கரடி வரும். மிச்ச உடலிலிருந்து நூறு மீட்டராவது தள்ளி, திரும்பி வரும்போது தூரத்திலிருந்தே தெரியும் இடமாகப் பாருங்கள்.

வண்டியில் 110 லிட்டர் குளிர்பெட்டி இரண்டு தேவைப்படும். ஐஸ் உருகிய தண்ணீரில் கறி ஊறக் கூடாது. வீட்டிலேயே உறைய வைத்த தண்ணீர் பாட்டில்களை அடுக்கினால் அந்தத் தொல்லை இல்லை. மான் இனத்தின் மூளையைத் தாக்கிக் கொல்லும் சிடபிள்யூடி நோய் காரணமாகப் பல மாநிலங்கள் முழு உடலையோ மூளை, முதுகெலும்புப் பகுதிகளையோ எல்லைக்குள் விடுவதில்லை. எலும்பு நீக்கிய கறியும் சுத்தம் செய்த மண்டையோடும் போகும். சில பகுதிகளில் தலையைப் பரிசோதனைக்குக் கொடுப்பது கட்டாயம். முடிவு வரும்வரை ஒவ்வொரு பொட்டலத்திலும் எந்த மிருகம் என்று எழுதித் தனியே உறைய வையுங்கள். இரண்டு எல்க்கைக் கலந்து அரைத்துவிட்டு ஒன்றில் நோய் இருக்கிறது என்று தகவல் வந்தால், இரண்டையுமே தூக்கிப்போட வேண்டியிருக்கும்.