அடுப்பில் ஏற்றாத பன்னீர் திராட்சைச் சாறு

நம் வீடுகளில் திராட்சை ஜூஸ் என்றால் பழத்தை வேகவைத்து, சர்க்கரையைக் கொட்டி, மிக்சியில் ஓட்டி வடிகட்டுவதுதான் வழக்கம். நிறம் அருமையாக வரும். மணம் ஆவியோடு போய்விடும். ஜெர்மனியின் மோசல் ஆற்றுச் சரிவுகளில் ரீஸ்லிங் திராட்சை வளர்க்கும் சிறு ஒயின் கூடங்களில் இதற்கு நேர்மாறான பக்குவத்தைப் பார்க்கலாம்: மெல்லப் பிழிந்து, குளிரில் தெளியவிட்டு, கூடியவரை எதையும் சேர்க்காமல் விடுகிறார்கள். அந்தப் பக்குவத்தைச் சாறு வரைக்கும் மட்டும் தொண்டாமுத்தூர்ப் பக்கத்துப் பன்னீர் திராட்சையில் செய்து பார்ப்போம்.

2 கிலோ பழம், மெல்லிய வெள்ளைத் துணி, எவர்சில்வர் பாத்திரம், கண்ணாடிப் பாட்டில் போதும்.

1. பழம் பார்த்து வாங்குதல்

பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். ஒரு பழத்தைக் கடித்து விதையைப் பாருங்கள். பச்சையாக இருந்தால் பிஞ்சுத்தன்மை போகவில்லை, பழுப்பேறியிருந்தால் பக்குவம். பறித்த பிறகு திராட்சை பழுக்காது என்பதால், வீட்டில் வைத்துப் பழுக்கவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

திராட்சையின் புளிப்புக்கு முக்கியக் காரணம் டார்டாரிக், மாலிக் என்னும் இரண்டு அமிலங்கள். வெப்பம் கூடக் கூட, பழம் சுவாசிக்கும்போதே மாலிக் அமிலம் கரைந்து குறையும். குளிர்ந்த ஊர்களில் அது மிஞ்சுகிறது. அங்கத்திய ஒயின் நாக்கில் சுருக்கென்று இருப்பது அதனால்தான். நம் வெயிலுக்கு நான் சொல்லும் வழி: உழவர் சந்தையில் வாங்கும்போது நாலில் ஒரு பங்கு, கருமை முழுதாக ஏறாத கொத்துகளாகக் கேட்டு வாங்குங்கள். பிறகு எலுமிச்சை பிழிவதைவிட இது எவ்வளவோ மேல்.

2. கழுவுதல்

ஒயின் கூடங்களில் பொதுவாகக் கழுவுவதில்லை. நாம் கழுவத்தான் வேண்டும்; மருந்து அடித்த பழமாக இருக்கலாம். ஈரம் போக மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, காம்பையும் அழுகலையும் நீக்கி, இரண்டு மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள்.

3. பிழிதல்

மிக்சி கூடவே கூடாது. விதை உடைந்தால் கசப்பும் துவர்ப்பும் இறங்கிவிடும். கையால் தோல் வெடிக்கும் அளவுக்கு மட்டும் அமுக்கித் துணியில் கொட்டித் தொங்கவிடுங்கள். தானாக வடிவதுதான் முதல்தரச் சாறு. தோல் கறுப்பாக இருந்தாலும் சதையில் நிறம் இல்லாததால், உடனே வடித்தால் இளஞ்சிவப்பாக வரும். அடர்நிறம் வேண்டுமானால் தோலோடு ஒரு மணி நேரம் பிரிட்ஜில் ஊறவிட்டு வடியுங்கள். கடைசியில் துணியை முறுக்கிப் பிழிவதைத் தனிப் பாத்திரத்தில் பிடியுங்கள். அது கொஞ்சம் துவர்க்கும். நான் அதை முதல் சாற்றில் கலப்பதே இல்லை.

4. தெளியவிடுதல்

பாட்டிலைக் கழுத்துவரை நிரப்புங்கள். காற்று பட்டால் சாறு பழுப்பாகும். ஓர் இரவு பிரிட்ஜில் அசைக்காமல் வைத்தால் வண்டல் அடியில் படியும். காலையில் மேல்தெளிவை மட்டும் சாய்த்து ஊற்றிக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 1 லிட்டர் தேறும். குடித்துப் பார்க்கும் முன் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை டப்பாவைத் திறக்காதீர்கள்.

5. வைத்திருத்தல்

இரண்டு நாளில் குடித்துவிடுங்கள். அடியில் கண்ணாடித் துகள்போல் ஏதாவது மின்னினால் பயப்பட வேண்டாம். குளிரில் படிந்த டார்டாரிக் உப்பு அது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் காய்ச்சாத சாறு வேண்டாம். நுரையோ குமிழோ கிளம்பினால் சாறு புளிக்கத் தொடங்கிவிட்டது, கொட்டிவிடுங்கள். அதை ஒயினாக்கிப் பார்க்கும் ஆசை வேண்டாம். உரிமமின்றி வீட்டில் மது தயாரிப்பது 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.